கராங்வுலுவின் மனநிலைச் சான்றிதழ்

எங்கள் மாவட்டத்தில் சோகம் இருக்கிறது என்ற செய்தி மாகாணத் தலைநகருக்கு எட்டியது எங்கள் மாவட்டம் வெளியிட்ட மாத இதழ் மூலமாகத்தான். பதினாறு பக்கம். பதினாறிலும் மாவட்டத் தலைவர் இருந்தார்; அந்தப் பதவிக்கு எங்கள் ஊரில் பூபதி என்று பெயர். பூபதி பாலம் திறக்கிறார், பூபதி ஆடு கொடுக்கிறார், கடல் புகுந்த கிராமத்தில் பூபதி முழங்கால் உயர ரப்பர் பூட்ஸோடு நிற்கிறார். பூபதியைத் தவிர மற்றதெல்லாம் சாம்பல் நிறம். வானம், தண்ணீர், அவருக்குப் பின்னால் நின்ற ஜனங்களின் முகம், எல்லாமே. தலைநகரில் ஒரு பெரிய அதிகாரி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில், "உங்க மாவட்டத்துல என்ன, எழவா?" என்று கேட்டாராம்.

அடுத்த திங்கட்கிழமையே செய்தித் தொடர்பு அலுவலகத்தில் மனநிலைத் திருத்தப் பிரிவு தொடங்கப்பட்டது. ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு காற்றாடி, மூன்று அதிகாரிகள். படத்தைத் திருத்தத் தெரிந்தவர் மூவரில் ஒருவரும் இல்லாததால் தர்ஜோனோவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

தர்ஜோனோ சந்தைப் பக்கத்தில் புகைப்படக் கடை வைத்திருந்தான். நாற்பத்தொரு வயது. அடையாள அட்டைக்குப் படம் எடுப்பது, சட்டை இல்லாமல் வந்தவனுக்குக் கணினியிலேயே காலர் வைத்துக் கொடுப்பது, கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையின் பருவை எடுப்பது, இவ்வளவுதான் அவன் தொழில். அரசாங்க வேலை என்றதும் இருந்த ஒரே பாத்திக் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போனான்.

அலுவலகத் தலைவர் விதக்தோவை எல்லோரும் பாக், அதாவது ஐயா, என்றுதான் அழைப்பார்கள். பாக் விதக்தோ அவனை உட்காரச் சொல்லவில்லை. ஆனால் அன்பாகப் பேசினார்.

"சோகம்னா என்னன்னு நெனைக்கிற தர்ஜோனோ? நடந்த விஷயம்னா? கிடையாது. சோகம்னா வெளிச்சம் பத்தாம இருக்கறது. அவ்வளவுதான். வெளிச்சத்தைக் கூட்டிட்டா அது போயிடும். இருபத்தாறு வருஷம் அரசாங்கத்துல இருந்து நான் கத்துக்கிட்டது இது."

திரையில் முதல் படம் வந்தது. கராங்வுலு கிராமம். முழங்கால் தண்ணீரில் ஒரு வீடு. வாசலில் ஒரு பெண் குனிந்து நின்று, அரிசி மூட்டையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்கிறாள். அவள் குனிந்திருந்ததற்குக் காரணம் உண்டு. கராங்வுலுவில் கடல் ஏற ஏற வீட்டுக்குள் மண் கொட்டித் தரையை உயர்த்துவார்கள். அந்த வீட்டில் மூன்று தடவை உயர்த்தியாகிவிட்டது. கூரை இருந்த இடத்திலேயே இருந்தது. அதனால் அந்த வீட்டில் யாரும் நிமிர்ந்து நடப்பதில்லை.

"இது எங்க அக்கா, பாக்," என்றான் தர்ஜோனோ. "முர்தினி."

"ரொம்ப நல்லதாப் போச்சு. முகம் தெரிஞ்ச ஆளு திருத்தினா தப்பு வராது."

தர்ஜோனோ தயங்கினான். கராங்வுலு ஜனங்கள் கடலுக்குக் கரை கட்டிக் கொடுங்கள், இல்லாவிட்டால் மேட்டில் இடம் கொடுங்கள் என்று ஒன்பது வருஷமாக மனுக் கொடுத்துவருகிறார்கள். அதில் முதல் கையெழுத்து முர்தினியுடையது. பாக் விதக்தோவுக்கு அது தெரியும்.

"அட, யோசிச்சுப் பாரு. அழுமூஞ்சியா இருக்கற ஊருக்கு எவன் கரை கட்டித் தருவான்? பாக்கும்போதே பளிச்சுனு இருந்தாத்தான் மாகாணத்துல திரும்பிப் பாப்பாங்க. ஒங்க அக்காவுக்கு நல்லது பண்ற வாய்ப்பு ஒனக்குக் கெடச்சிருக்கு."

அதை தர்ஜோனோ நம்பினான். நம்பியதைப் பிற்பாடு அவன் மறைத்ததே இல்லை. சுட்டியைப் பிடித்து நான்கு நகர்த்தல் செய்தான். முதலில் வெப்பத்தைக் கூட்டினான்; சாம்பல் சுவர் மாலை வெயில் பட்டதுபோல் பொன்னிறமானது. நிழல்களைத் தூக்கினான், அக்காவின் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு போயிற்று. நிறத்தின் அழுத்தத்தைக் கூட்டினான். அவள் இடுப்பில் சுற்றியிருந்த சாயம் போன சேலாங்குத் துணி சிவப்பானது. கடைசியாகத் தண்ணீரை மட்டும் பிரித்தெடுத்து நீலத்தை ஏற்றினான். சாக்கடையும் டீசலும் கலந்த அந்தத் தண்ணீர் பாலித் தீவுக் கடல்போல் ஆகிவிட்டது. எல்லாம் சேர்ந்து மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை.

"வாயி?" என்றார் பாக் விதக்தோ.

"வாய்க்கு என்ன, பாக்?"

"ஓரத்துல லேசாத் தூக்கு. ரெண்டு புள்ளி போதும். நான் யாரையும் சிரிக்கச் சொல்லலையே, சிரிப்பு வர்றதுக்குக் கதவைத் தொறந்து விடுன்னுதான் சொல்றேன்."

இரண்டு புள்ளி தூக்கினான். அதன்பின் அரிசி மூட்டையைத் தலைக்கு மேல் தூக்கி நின்றவள் நடனம் ஆடுகிறவள்போல் தெரிந்தாள். அடுத்த இதழின் அட்டையில் அதுதான் வந்தது. கீழே, 'கடலோடு கொஞ்சும் கராங்வுலு இல்லத்தரசி' என்று போட்டிருந்தார்கள். தலைநகரிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.

பாராட்டு வந்த பிறகு அந்தப் பிரிவு வளரத் தொடங்கியது. விதிமுறை எழுதினார்கள். ஒவ்வொரு படத்துக்கும் பத்துக்கு இத்தனை என்று மனநிலை அளவு போடவேண்டும். ஏழுக்குக் கீழே உள்ள படம் ஆவணக் காப்பகத்தில் ஏறாது. ஏழுக்கு மேல் உள்ளதற்கு மூன்று கையெழுத்தோடு மனநிலைச் சான்றிதழ். அளவு போடும் அதிகாரி ரெத்னோ அம்மாள்; இபு ரெத்னோ என்று அழைப்பார்கள். அவர் படத்தை ஒரு கை தூரத்தில் வைத்துப் பார்ப்பார், கண்ணை மூடுவார், திறப்பார், "ஆறே கால்" என்பார். எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று தர்ஜோனோ ஒருநாள் கேட்டான். மூன்று நாள் பயிற்சி முகாமுக்குப் போயிருந்தேன், சாப்பாடு நன்றாக இருந்தது என்றார்.

கூரை விழுந்த பள்ளிக்கூடப் படம் வந்தது. ஓட்டை வழியே தெரிந்த வானத்தை நீலமாக்கினான். 'திறந்தவெளி வகுப்பறை' ஆயிற்று, எட்டு. மருந்துக்கு வரிசையில் நின்ற ஜனங்களுக்கு வெயிலைக் குறைத்து நிழலை ஏற்றினான். 'சுகாதாரத்தில் மக்கள் ஆர்வம்' ஆயிற்று, எட்டரை. ஓய்வுபெற்ற துணைப் பூபதியின் சவ அடக்கப் படத்துக்கு எவ்வளவு முயன்றும் ஆறுக்கு மேல் வரவில்லை. மூன்று அதிகாரிகளும் உட்கார்ந்து பேசினார்கள். கடைசியில் விதவையைப் படத்திலிருந்து வெட்டியதும் ஏழரை வந்தது.

ஆறு மாதம் கழித்து கராங்வுலு மனுவுக்குப் பதில் வந்தது. ஒன்பது வருஷத்தில் முதல் பதில். மனு நிராகரிக்கப்பட்டிருந்தது. காரணம் ஒரே வரி: 'ஆவணக் காப்பகத்தில் உள்ள இருபத்திரண்டு படங்களின்படி மேற்படி கிராமத்தின் சராசரி மனநிலை எட்டு புள்ளி நான்கு, எனவே இடர் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.' கூடவே ஒரு நல்ல செய்தி. கராங்வுலு, கடலோரச் சுற்றுலாக் கிராமமாக அறிவிக்கப்படுகிறது.

மறுநாள் முர்தினி வந்தாள். படகில் பாதி தூரம், லாரியில் பாதி தூரம். சேலாங்கின் ஓரம் நனைந்தபடியே அலுவலகப் பளிங்குத் தரையில் நடந்து வந்தாள். கையில் அந்தக் கடிதமும் தன் கைபேசியும். தம்பி இங்கே வேலை பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரியும். என்ன வேலை என்று அவன் சொல்லியிருக்கவில்லை.

"அம்மா, இதுல ஏதோ தப்பு நடந்திருக்கு," என்று இபு ரெத்னோவிடம் கைபேசியை நீட்டினாள். "இது நேத்து நான் எடுத்தது. எங்க வீட்டு அடுப்படி. பாருங்க, தண்ணி அடுப்பு வரைக்கும் நிக்குது. என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுச்சளி. ராப்பகலா ஈரத்துல படுத்துக் கெடக்கறாரு."

இபு ரெத்னோ கைபேசியை ஒரு கை தூரத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணை மூடித் திறந்தார்.

"ரெண்டு."

"என்ன ரெண்டு?"

"மனநிலை ரெண்டு. ஏழுக்குக் கீழ நாங்க வாங்கறதில்லம்மா. படத்தைத் திருத்திக் கொண்டாங்க, மனுவோட சேத்துக்கறோம்."

"திருத்தினா தண்ணி நிக்கறது தெரியாதே?"

"தெரியாது."

"அப்புறம் எதுக்கு அதை மனுவோட சேக்கணும்?"

"விதி அப்படி. ஆதாரம் இல்லாத மனுவை எப்படிம்மா எடுத்துக்கறது?"

பாக் விதக்தோ உள்ளேயிருந்து வந்தார். கடவுளே கொண்டுவந்து விட்டதுபோல் அவர் முகம் மலர்ந்தது. "அட, அட்டைப்பட அம்மா! எதுக்கு அலையணும்? ஒங்க தம்பிதான இங்க திருத்தறவரு. தர்ஜோனோ, அக்காவுக்கு இலவசமாப் பண்ணிக் குடுப்பா."

முர்தினி திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவன் மேசைக்கு மேலே சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த அட்டைப்படத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நீயாடா பண்ணினே?"

"அக்கா, கரை கட்டுவாங்கன்னு சொன்னாங்க…"

"நல்லாத்தான் இருக்கேன்," என்றாள். "கல்யாணத்தன்னிக்குக்கூட நான் இப்படி இல்ல." கைபேசியைத் தோள்துணியில் துடைத்து மடியில் செருகிக்கொண்டு, வந்த வழியே போனாள். அவள் நடந்த ஈரத்தைத் துடைக்க ஆளைக் கூப்பிட்டார் இபு ரெத்னோ.

சுற்றுலாக் கிராமம் என்று அறிவித்துவிட்டதால் தலைநகரிலிருந்து மூன்று பேர் குழு நேரில் பார்க்க வந்தது. படகில் ஏறி, மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கினார்கள். குழுத் தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. சான்றிதழோடு கூடிய படத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஊரைச் சுட்டிக்காட்டினார்.

"என்ன இது? ரெண்டும் ஒத்துப்போகலையே!"

தர்ஜோனோவும் அங்கே இருந்தான். இப்போது உண்மை வெளிவந்துவிடும், அக்கா பிழைத்தாள் என்று நினைத்தான். பாக் விதக்தோ அதற்குத்தான் பயந்தார்.

"படத்துல சுவரு மஞ்சளா இருக்கு," என்று தொடர்ந்த குழுத் தலைவர், தன் வீட்டு வாசலில் நின்ற முர்தினியைக் காட்டினார். " இங்க சாம்பலா இருக்கு. படத்துல இந்த அம்மா செவப்புல இருக்காங்க. இங்க என்ன கலர்னே தெரியல. படத்துக்கு மூணு கையெழுத்து இருக்குய்யா. ஊருக்கு என்ன இருக்கு? ஊருல தப்பு இருக்கு. ஒரு மாசத்துக்குள்ள சரி பண்ணுங்க."

சரிசெய்தார்கள். நான்கு லாரி மஞ்சள் சாயம் வந்தது. வீடுகளின் முன்சுவர்களை மட்டும், தண்ணீருக்கு மேலே தெரியும் வரை, அடித்தார்கள். பெண்களுக்கு ஆளுக்கு ஒரு சிவப்புச் சேலாங்கு கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். தண்ணீரை நீலமாக்குவதற்கு மட்டும் வழி தெரியவில்லை. அதற்காக ஒரு துணைக்குழு அமைத்தார்கள். மண் கேட்டவர்களுக்கு மண் தரவில்லை. மண் லாரி ஊருக்குள் போனால் படத்தில் விழும் என்றார்கள்.

முர்தினியின் கணவன் சர்வாடி பேசாத மனிதன். இறால் பண்ணை இருந்தவரை அதில் வேலை பார்த்தவன். பண்ணை கடலானதும் வலை பின்னிக்கொண்டிருந்தான். பெயிண்ட் அடிக்க வந்தவர்களிடம் அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "உள்பக்கம் அடிக்க மாட்டீங்களா? நாங்க உள்ளதான இருக்கோம்?" மழை தொடங்கிய மாதத்தில் ஒரு விடியற்காலை அவனுக்கு மூச்சு இழுத்தது. சாலையில் தொடை அளவு தண்ணீர். முர்தினி மாவட்ட அவசர உதவிக்குப் போன் செய்து படகு கேட்டாள்.

"கராங்வுலுவா? ஒரு நிமிஷம்." எதிர்முனையில் தட்டச்சும் சத்தம் கேட்டது. "பதிவுல ஒங்க ஊருக்கு வெள்ளமே இல்லையேம்மா. சுற்றுலாக் கிராமம்னு இருக்கு. வெள்ளம்னு பதிவு இருந்தாத்தான் படகு. ஆம்புலன்ஸ் வண்டிதான் அனுப்ப முடியும்."

"வண்டி வராதுய்யா. தண்ணி நிக்குது."

"இங்க படம் இருக்கேம்மா. ரோடு நல்லாத் தெரியுது."

வண்டி வந்தது. தண்ணீர் தொடங்கும் இடத்தில் நின்றது. பக்கத்து வீட்டுக்காரர்கள் சர்வாடியை மீன்படகில் கிடத்தித் தள்ளிக்கொண்டு வண்டிவரை வந்து சேர்ந்தபோது காலை பதினொரு மணி. அரை மணிக்கு முன்பே உயிர் போயிருந்தது.

ஊர் மயானம் கடலுக்குள் போய் நான்கு வருஷமாகிவிட்டதால் அவனை உள்நாட்டு ஊர் ஒன்றில் அடக்கம் செய்ய ஏற்பாடு. பச்சைத் துணி போர்த்திய பாடையைப் படகில் வைத்து, பின்னால் ஏழெட்டுப் படகில் ஜனங்கள். தூறல். தர்ஜோனோ இடுப்புத் தண்ணீரில் நடந்தபடி பாடைப் படகைப் பிடித்துக்கொண்டு போனான். முர்தினிக்கு வேறு சேலாங்கு காய்ந்து இல்லாததால் அரசாங்கம் கொடுத்த சிவப்பையே உடுத்தியிருந்தாள். வழியில் அலுவலகப் புகைப்படக்காரர் நின்று நாலைந்து படம் எடுத்தார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள் தர்ஜோனோ வேலைக்குப் போனான். திரையில் அந்தப் படம் இருந்தது. பாக் விதக்தோ அவன் தோளில் கை வைத்தார்.

"ஒன் துக்கம் எனக்குப் புரியுது. நானும் மனுஷன்தான். ஆனா இந்தப் படத்தைப் பாரு. நாலு மாசமாத் தேடின படம். படகு ஊர்வலம்! அந்தப் பச்சைத் துணி என்னமா வந்திருக்கு பாரு. சிவப்புல அம்மா வேற. மேகத்தை எடுத்துட்டு சூரியனைக் கொண்டாந்துட்டா ஒன்பதுக்குக் கொறையாது. 'பாரம்பரியப் படகுத் திருவிழா'ன்னு போட்டுடலாம்."

"இது என் அத்தானோட பாடை, பாக்."

"பாத்தா தெரியலையே. அதத்தான் நான் சொல்றேன்."

தர்ஜோனோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். சுட்டியில் கை வைத்தான். வழக்கமான நான்கு நகர்த்தலில் ஒன்றைக்கூட அவனால் செய்ய முடியவில்லை. அதையும் அவனே என்னிடம் சொன்னான். பிறகு படத்தைத் திருத்தாமல் அப்படியே அடுத்த இதழின் அட்டையில் வைத்தான். சாம்பல் வானம், சாம்பல் தண்ணீர், குனிந்த தலைகள். கீழே, 'கராங்வுலு சர்வாடி, வயது ஐம்பத்து மூன்று. படகு வராததால் இறந்தார்' என்று எழுதினான். அச்சுக்குப் போகும் தாளில் மூன்று அதிகாரிகளும் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டார்கள்; அந்தத் தாளை மட்டும் அவர்கள் எப்போதும் பார்ப்பதில்லை. நான்காயிரம் பிரதி அச்சாகித் தலைநகருக்குப் போய்ச் சேர்ந்தது.

விசாரணை நடந்தது. குற்றச்சாட்டு, அரசாங்கப் படத்தைத் திரித்து வெளியிட்டது.

"நான் திரிக்கலையே," என்றான் தர்ஜோனோ. "எடுத்தது எடுத்தபடியே போட்டேன்."

"அப்படியா?" என்றார் விசாரணை அதிகாரி. அவர் முன்னால் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று அட்டை. மற்றது பாக் விதக்தோ வெளியூரிலிருந்து ஆள் கூப்பிட்டு அவசரமாகத் திருத்தி வாங்கியது, சூரியனோடு, சான்றிதழோடு. "இதுக்கு மூணு கையெழுத்தோட சான்றிதழ் இருக்கு. உன்னோடதுக்கு மனநிலை அளவே போடல. அப்ப எது அசல்?"

முர்தினியைச் சாட்சியாகக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு படத்தையும் அவள் முன்னால் தள்ளினார்கள்.

"நீங்களே சொல்லுங்கம்மா. அன்னிக்கு நடந்தது எது?"

அவள் சூரியன் இருந்த படத்தை விரலால் தொட்டாள். பாக் விதக்தோ மூச்சை விட்டார்.

"இந்த வெயில் அன்னிக்கு அடிச்சிருந்தா," என்றாள் முர்தினி, "அவரு துணியாவது காஞ்சிருக்கும். ஈரத்தோடதான் பொதைச்சோம்."

எழுத்தர் எழுதிக்கொண்டார்: வானிலை குறித்துச் சாட்சிக்கு மாற்றுக் கருத்து உண்டு.

தர்ஜோனோவை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவன் கடையில் எடுத்த படத்தை எந்த அரசாங்க அலுவலகமும் வாங்கக்கூடாது என்று சுற்றறிக்கை போனது. இரண்டு மாதத்தில் கடையை மூடிவிட்டு அக்கா வீட்டுக்கே வந்துசேர்ந்தான். பாக் விதக்தோ சுற்றுலாத் துறைக்குப் பதவி உயர்வில் போனார்.

போனவர் சும்மா இருக்கவில்லை. கராங்வுலுவைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். வந்த ஒருவர், படம் எடுக்க நிற்பதற்குக் காய்ந்த இடமே இல்லை, காலணி நனைகிறது என்று புகார் எழுதிப் போட்டார். அந்தப் புகார் திங்கட்கிழமை போனது. வியாழக்கிழமை மரம் வந்து இறங்கியது. கடலுக்குள் தூண் நட்டு, அலைக்கு எட்டாத உயரத்தில், முப்பது பேர் நிற்கும்படி நல்ல தேக்குப் பலகையில் ஒரு மேடை கட்டினார்கள். கைப்பிடி வைத்து, மேலே கூரையும் போட்டார்கள். கராங்வுலுவில் இன்று கால் நனையாமல் ஒருவன் நிமிர்ந்து நிற்க முடியும் என்றால் அது அங்கேதான்.

தண்ணீர் ஏறுகிற நாட்களில் ஊர்ஜனங்கள் பாயையும் அடுப்பையும் தூக்கிக்கொண்டு வந்து அந்த மேடையில்தான் படுக்கிறார்கள். அதற்கு விதி இடம் தரவில்லை. ஆனால் காவலாளி உள்ளூர்க்காரன், நல்லவன். காலையில் படகு வருவதற்கு முன்னால் வந்து ஒவ்வொருவராக எழுப்பிவிடுவான்.

"முர்தினிக்கா, எந்திரிங்க. எட்டாகப் போகுது. படம் எடுக்கறவங்க வர்ற நேரம்."

போன வாரம் நான் போயிருந்தபோதும் எழுப்பினான். முர்தினி பாயைச் சுருட்டித் தம்பியிடம் கொடுத்தாள். ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசிப் படியில் கொஞ்சம் நின்று, தண்ணீருக்குள் கால் வைத்தாள்.

"எவ்வளவு இருக்கு?" என்று மேலேயிருந்து தர்ஜோனோ கேட்டான்.

"இடுப்பு வரைக்கும்," என்றாள். "அடுப்பை மொதல்ல குடு."